தோல் என்னும் வாயில்

கர்க்கடகம் பிறந்துவிட்டது, நம் கணக்கில் ஆடி. மலையாள நாட்டில் இம்மாதம் மழைக்கும் மருந்துக் கஞ்சிக்கும் உழிச்சிலுக்கும் உரியது. வல்லார்பாடத்திலிருந்து கோஸ்ரீ பாலங்களைக் கடந்து எர்ணாகுளம் சேர்வதற்குள் உழிச்சில் நிலையங்களின் பலகைகளைப் பேருந்தில் அமர்ந்தபடியே எண்ணிக்கொண்டு போகலாம். அதன் விளைவோ என்னவோ, நம் சங்கத்து அன்பர்கள் மூவர் இத்திங்கள் ஒரே பொருளைப் பற்றிக் கேட்டிருக்கின்றனர். உடல்வலிக்கு உழிச்சில் நல்லதா? எலும்பு நொறுங்க அழுத்துகிறவர் கெட்டிக்காரரா, மெல்லத் தடவுகிறவர் கெட்டிக்காரரா? பணம் கொடுப்பதென்றால் எவரிடம் கொடுப்பது?

விலாசம் கொடுப்பது இப்பகுதியின் வேலையன்று. ஆயினும் இக்கேள்வியை அலட்சியம் செய்வதற்கும் மனம் வரவில்லை. கொச்சியில் வாழும் தமிழருள் உடம்பை மூலதனமாக வைத்துப் பிழைப்பவர் பலர். போர்ட் கொச்சியில் வெளி என்னும் பகுதியிலுள்ள தோபிக்கானாவுக்குச் சென்று பாருங்கள். தலைமுறை தலைமுறையாகக் கல்லில் துணி அடித்து வெளுக்கும் அக்குடும்பங்கள் தமிழ்க் குடும்பங்கள். அவர்களுடைய தோளும் இடுப்பும் படும் பாட்டை நாம் சொல்ல வேண்டியதில்லை. மட்டாஞ்சேரிக் கிடங்குகளில் மூட்டை தூக்குவோரையும் நாம் அறிவோம். நாற்காலியில் அமர்ந்து சரக்குச் சீட்டுகளைச் சரிபார்க்கும் நம்மைப் போன்ற ரயில்வே குமாஸ்தாக்களுக்கும் கழுத்துப் பிடிப்பு விட்டபாடில்லை. கூலியில் ஒரு பங்கு தைலத்திற்கும் பிடித்துவிடுகிறவருக்கும் போகிறது. ஆதலால், பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர்களாயினும், கண்டதையும் கேட்டதையும் படித்துத் தெளிந்ததையும் எழுதத் துணிகிறோம். கண்டது நம் வீட்டிலேயே நிகழ்ந்தது.

சென்ற மாசித் திங்களில் ஒரு மாலை, நம் அன்னையார் இடப்பக்க முதுகில் எரிகிறது என்றார். 62 வயது, திருநெல்வேலிச் சீமையிலிருந்து நம்மோடு வந்து தங்கி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. தோட்பட்டை எலும்புக்குக் கீழே தொடங்கி, விலாவைச் சுற்றி, மார்புக்குக் கீழே வந்து நிற்கும் வலி. வாய்வுப் பிடிப்பு என்று நாமே தீர்ப்பு வழங்கினோம். முதல் நாள் அமிர்தாஞ்சனம். மறுநாள் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒற்றடம். வலி தணியவில்லை. அன்று பிற்பகல், தீவிலேயே வசிக்கும் முதிய உழிச்சில்காரர் ஒருவரை அழைத்து வந்தோம். களரியில் பயின்றவர், எழுபதைக் கடந்தவர், ஊரார் ஆசான் என்றே அழைப்பர். இளமையில் மேலே கட்டிய கயிற்றைப் பற்றிக்கொண்டு காலால் மிதித்து உழியும் சவிட்டு உழிச்சிலில் பெயர் வாங்கியவர். கேரள கலாமண்டலம் போன்ற இடங்களில் கதகளி பயிலும் பிள்ளைகளின் உடலை வளைப்பதற்கு மழைக்காலத்தில் செய்வார்களே, அந்த முறைதான்.

ஆசான் எண்ணெயைத் தொடவேயில்லை. அன்னையாரின் முதுகின்மேல் உள்ளங்கையை வைத்தார், உடனே எடுத்துவிட்டார். மறுபக்கம் வைத்தார். மீண்டும் வலித்த பக்கம், இம்முறை புறங்கையால், சேலைக்கு மேலேயே மிக மெல்லத் தடவினார். அன்னையார் அலறிவிட்டார். நம் மனைவியை அழைத்து, விளக்கைப் பிடித்து அவ்விடத்தை நன்றாகப் பார்க்கச் சொல்லிவிட்டு அவர் வெளியே வந்து நின்றார். காலையில் இல்லாத சிவந்த புள்ளிகள் ஐந்தாறு, முதுகெலும்பின் ஓரத்தில் அப்போதுதான் தலைகாட்டியிருந்தன.

"மோனே, இது என் கைக்கு உரியதன்று. அமுக்கினால் வலி தோலுக்குக் கீழே தெரிய வேண்டும். இவர்களுக்குத் துணி பட்டாலே வலிக்கிறது. நாளைக்குக் கொப்புளம் வரும். டாக்டரிடம் போ, இன்றே போ," என்றார். மலையாளத்தில் அவர் சொன்னதைத் தமிழில் தருகிறோம். கொடுத்த பணத்தையும் வாங்கவில்லை. உழியாமல் எப்படி வாங்குவது என்று கேட்டார்.

அது அக்கி. நம் நாட்டில் அறியாதார் இலர். சிறு வயதில் சின்னம்மை கண்டு ஆறியவரின் உடலில் அந்நோயின் கிருமி முற்றும் ஒழிவதில்லை. முதுகுத்தண்டின் ஓரமாக உள்ள நரம்பு முடிச்சுகளில் ஒளிந்து உறங்கும். முதுமையிலோ உடல் தளர்ந்த வேளையிலோ விழித்தெழுந்து, ஒரே நரம்பின் வழியே தோலை நோக்கி வரும். அதனாலேதான் அக்கி உடலின் ஒரு பக்கத்தில், வார்போல வளைந்து, நடுக்கோட்டில் வந்து நின்றுவிடுகிறது. கொப்புளம் தோன்றுவதற்குச் சில நாள் முன்னரே வலி தோன்றும். அந்த இடைக்காலத்தில் அதை மாரடைப்பு என்றும் வாய்வு என்றும் தசைப்பிடிப்பு என்றும் கொள்வது எளிது. கிருமியை அடக்கும் மாத்திரைகள் இருக்கின்றன. தோலில் புள்ளிகள் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் அவற்றைத் தொடங்க வேண்டும் என்பது மருத்துவர் வகுத்த வரை.

இங்கேதான் நாம் பிழை செய்தோம். ஆசான் 'இன்றே போ' என்றார், நாம் போகவில்லை. அன்னையாரோ, "ஐயா, என்னை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போ. வேளார் வீட்டில் அக்கி எழுதிக்கொண்டால் நாலு நாளில் ஆறிவிடும்," என்று பிடிவாதம் பிடித்தார். ஊரிலிருந்து தொலைபேசியில் பேசிய தமக்கையாரும் அதையே வற்புறுத்தினார். ரயில்வேக்காரன் வீட்டில் பயணம் பெரிய காரியமா? இரவு வண்டி ஏறினால் காலையில் ஊர். அலுவலகத்திலோ மாதக் கடைசிக் கணக்கு. போவதா, இருப்பதா என்று ஒரு பகலும் ஓர் இரவும் கழிந்தன. அதற்குள் புள்ளிகள் முத்துமுத்தாக நீர் கோத்துக்கொண்டன. மூன்றாம் நாள் மாலையில்தான் எர்ணாகுளத்திலுள்ள மருத்துவமனைக்குச் சென்றோம். மருத்துவர் முதலில் கேட்டது, "முதற்புள்ளியை எப்போது கண்டீர்கள்?" என்பதே. நாம் விரல்விட்டு மணிக்கணக்குச் சொன்னோம். 72-க்குள் இருந்தது, ஆனால் சொற்ப மணி நேரமே மீதமிருந்தது. மருத்துவர் கடிந்து ஒன்றும் கூறவில்லை. அவர் கடிந்திருந்தால் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

அக்கி எழுதுதலைப் பற்றி இரண்டொரு சொல். மட்பாண்டம் வனையும் வேளார், காவிக்கல்லை நீரில் குழைத்து, அக்கி கண்ட இடத்தில் சிங்க உருவோ பிறவோ வரைவது நம் நாட்டு வழக்கம். இதை நகைப்பவர் உண்டு; நாம் நகைக்கவில்லை. எரியும் தோலின்மேல் குளிர்ந்த காவி படுவதும், முதியவர் ஒருவர் பொறுமையோடு பக்கத்தில் அமர்ந்து கவனிப்பதும் நோயாளிக்கு இதம் தருவனவே. ஆனால் அக்கியின் கொப்புளங்கள் எதுவும் செய்யாவிடினும் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரங்களில் உலர்ந்துவிடும். அப்பெருமை காவிக்குப் போய்ச் சேர்கிறது. நரம்புக்குள் இருக்கும் கிருமியைக் காவி அறியாது. உடைந்த கொப்புளத்தில் மண் புகுந்து சீழ் வைப்பதும் உண்டு. நாம் அஞ்சுவது இதைவிட, எழுதிக்கொள்ளச் சென்று மணி கடந்துபோவதையே. நம் வீட்டிலேயே அது நேர இருந்ததன்றோ?

சில நாள் கழித்து, நிலைமை கேட்க ஆசான் வந்தார். திண்ணையில் அமர்ந்து அன்று அவர் சொன்னதுதான் இக்கட்டுரைக்கு வித்து. "ஐம்பது ஆண்டுகளாகத் தசையைப் பிடிக்கிறேன், நரம்பைச் சுண்டுகிறேன், எலும்பை நேராக்குகிறேன் என்று எண்ணியிருந்தேன். யோசித்துப் பார்த்தால் என் கை ஒரு நாளும் தோலைக் கடந்து உள்ளே போனதில்லை. தோலைத்தான் தொடுகிறேன். அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் அவர்களுடைய உடம்பு செய்துகொள்வது. இது விளங்கிய பிறகு அழுத்துவதைக் குறைத்துவிட்டேன். ஆட்கள் குறையவில்லை," என்றார்.

இச்சொல் நம்மை விடவில்லை. நூலகத்திலும் கைத்தொலைபேசியிலும் தேடிப் படித்தோம். கனடா நாட்டில் உடலியக்கச் சிகிச்சை செய்யும் டயான் ஜேக்கப்ஸ் என்னும் அம்மையார், ஏறக்குறைய இதே கருத்தை 2016-இல் ஒரு நூலாகவே எழுதியிருக்கிறார் என அறிந்து வியந்தோம். சிகிச்சை செய்பவரின் கை தோலில் நிற்கிறது. தோலுக்குள் கணக்கற்ற நரம்பு முனைகள் உள்ளன. ஆகவே தசையைக் கசக்குவதாக எண்ணுவதை விட்டு, தோலை மெல்லப் பற்றி ஒரு பக்கமாக நகர்த்திச் சிறிது நேரம் நிறுத்தினால், நரம்பு மண்டலமே வலியைத் தணித்துக்கொள்ளும் என்பது அவருடைய முறை. பேரளவில் சோதித்து நிலைநாட்டப்பட்ட முறை என்று அதைக் கூற இயலாது. ஆனால் அதன் அடிப்படையிலுள்ள கேள்வி நல்ல கேள்வி.

மனிதன் தோல் முழுவதையும் விரித்தால் ஒன்றரை முதல் இரண்டு சதுர மீட்டர் வரை வரும். ஒரு சிறு பாய் அளவு. நம் முன்னோர் இதைச் சிறுபொருளாகக் கருதவில்லை. தொல்காப்பியர் உயிர்களை அறிவால் வகைப்படுத்தியபோது, ஓரறிவு உயிர்க்கும் உரியதாகத் தொடுவுணர்வையே வைத்தார். மற்றவை அதன்மேல் ஏறியவை. சரக சம்ஹிதையிலும், தொடுவுணர்வில் வாயு மிகுந்திருப்பதாகவும், அவ்வுணர்வு தோலைச் சார்ந்திருப்பதாகவும், ஆதலால் எண்ணெய் தேய்த்தல் நலம் என்றும் கூறப்பட்டிருக்கிறது. வாயுவைப் பற்றிய பழங்கொள்கையை இன்றைய உடலியல் ஏற்காது. தைலம் தோலின் வழியே வேலை செய்கிறது என்று கண்டதில் மட்டும் அவர்கள் கண் கூர்மையாகவே இருந்தது.

தோலை உள்ளுறுப்புகளோடும் நரம்புகளோடும் இணைத்துப் படம் வரைந்தவர்களுள் முதன்மையானவர் ஹென்றி ஹெட் என்னும் ஆங்கில மருத்துவர். அவர் அந்தப் படத்தை வரைய உதவிய நோய் எது தெரியுமா? அக்கிதான். அக்கி கண்டு இறந்தோரின் நரம்பு முடிச்சுகளை ஆராய்ந்து, எந்த முடிச்சு தோலின் எந்தப் பட்டைக்கு உரியது என்று அவரும் கேம்பல் என்பவரும் 1900-இல் வெளியிட்டனர். நம் அன்னையாரின் விலாவைச் சுற்றி ஓடிய சிவந்த பட்டை அப்படத்தில் ஒரு கோடு.

ஹெட் அதோடு நிற்கவில்லை. நோயாளிகள் தம் உணர்வைச் சரியாகச் சொல்வதில்லை என்று குறைப்பட்டு, 1903-இல் தம்முடைய இடக்கையின் தோல் நரம்பையே அறுக்கச் செய்தார்! அறுத்த பின், கேம்பிரிட்ஜில் ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் அவருடைய கையை ஊசியாலும் பஞ்சாலும் வெந்நீராலும் தண்ணீராலும் சோதித்துக் குறிப்பெடுத்தவர் ரிவர்ஸ். இந்த ரிவர்ஸ்தான் 1901, 1902 ஆண்டுகளில் நம் நீலகிரியில் தங்கித் தோடர்களை ஆராய்ந்து, 1906-இல் பெருநூல் எழுதியவர். உதகைக்குப் போய்வந்த அன்பர்கள் இனி அப்பெயரை நினைவில் வைப்பார்களாக.

அச்சோதனையில் நமக்கு வேண்டியது ஒன்று உண்டு. தோல் நரம்பு அறுபட்ட இடத்தில் பஞ்சு பட்டது தெரியவில்லை. ஊசி குத்தியது தெரியவில்லை. ஆனால் விரலால் அழுத்தியது தெரிந்தது. ஆழ்ந்த அழுத்தத்தை உணரும் நரம்புகள் தோலுக்குக் கீழே தசைகளிலும் இருக்கின்றன என்பது இதன் பொருள். ஆகவே, 'எல்லாம் தோலே' என்று ஆசானோ கனடா அம்மையாரோ கூறுவாராயின் அது சற்று மிகை. கை தோலில் நின்றாலும் அழுத்தம் உள்ளே தெரிகிறது. இதை ஆசானிடம் கூறினோம். "தெரியட்டும். தெரிவது வேறு, உடைப்பது வேறு," என்றார். அவரை மடக்குவது எளிதன்று.

உடைப்பதைப் பற்றி அவர் சொன்னது சரியே. பிடித்துவிடுவோர் பலர், உள்ளே முடிச்சு இருக்கிறது, சவ்வு ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதை உடைக்க வேண்டும் என்று கூறி முழங்கையை ஊன்றுகின்றனர். 2008-இல் அமெரிக்காவில் சிலர் இதைக் கணக்கிட்டுப் பார்த்தனர். உள்ளங்காலின் தடித்த சவ்வையும் தொடையின் வெளிப்புறச் சவ்வையும் நூற்றில் ஒரு பங்கு உருமாற்றுவதற்கே மனித உடல் தாங்கும் எல்லைக்கு மேற்பட்ட விசை வேண்டும் என்று கண்டனர். அப்படியானால் பலமாக அழுத்தியபின் நமக்கு இலேசாக இருப்பது ஏன்? உடைந்ததால் அன்று, உணர்ந்ததால் என்றே கொள்ள வேண்டியிருக்கிறது. உணர்வு போதுமென்றால் கன்றிச் சிவக்க அழுத்துவானேன்? வலித்தால்தான் வலி போகும் என்று நம்பிப் பணங்கொடுத்து நீலம் பாய்ந்த முதுகோடு வேலைக்கு வரும் நண்பர்களை நாம் கண்டிருக்கிறோம்.

உணர்வு வலியைத் தணிக்கும் வழியை 1965-இல் மெல்சாக், வால் என்னும் இரு அறிஞர்கள் ஒரு கொள்கையாக வெளியிட்டனர். நம் தொழிலில் வைத்துச் சொன்னால் எளிதில் விளங்கும். தண்டுவடத்தில் ஒரு லெவல் கிராசிங் இருப்பதாகக் கொள்ளுங்கள். தொடுவுணர்வைச் சுமந்து வரும் தடித்த நரம்புகளில் போக்குவரத்து மிகுந்தால் கேட்டுக்காரர் வலி வரும் பாதையை அடைத்துவிடுகிறார். முழங்கால் இடித்துக்கொண்ட குழந்தை அவ்விடத்தைத் தேய்த்துக்கொள்வதும், தாய் ஊதித் தடவிவிடுவதும் இதனாலே. நுட்பங்களில் பின்னர் பல திருத்தங்கள் வந்துவிட்டன. ஆயினும் வலி என்பது ஒரே கம்பியில் ஓடிவரும் மணியோசை அன்று, வழியில் கூட்டியும் குறைத்தும் விடப்படுவது என்ற அடிப்படை நிலைத்துவிட்டது.

இன்னொன்று, மெல்லத் தடவும் கட்சிக்கு வலுவூட்டுவது. சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர், மயிருள்ள தோலில் ஒருவகை மெல்லிய நரம்புகள் இருப்பதையும், அவை அவசரமான தொடுகையைப் பொருட்படுத்தாமல், நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில், உடற்சூடான கையால் தடவும்போதே நன்கு விழிப்பதையும் கண்டனர். தாய் பிள்ளையைத் தட்டித் தடவும் வேகம் இதுதானாம். பூனைகளில் இவ்வகை நரம்பை சோட்டர்மன் என்பவர் 1939-இலேயே கண்டிருந்தார். மனிதரில் உறுதிப்பட இன்னும் ஐம்பது ஆண்டுகள் சென்றன.

மட்டாஞ்சேரியில் வாழ்பவர்க்கு இவற்றைவிட நெருக்கமான சான்று ஒன்று உண்டு. கிடங்கில் வற்றல் மிளகாய் பிரித்தவரின் கை எரிவது ஏன்? சூடு ஒன்றும் அங்கே இல்லையே! சூட்டை உணரும் நரம்பு முனையிலுள்ள ஒரு கதவை மிளகாயின் காரப்பொருள் திறந்துவிடுகிறது என்று 1997-இல் டேவிட் ஜூலியஸ் என்னும் அமெரிக்க அறிஞர் குழுவினர் காட்டினர். குளிரை உணரும் கதவைப் புதினா உப்பாகிய மென்தால் திறக்கிறது என்பது 2002-இல் தெரிந்தது. அழுத்தத்தை உணரும் கதவுகளைக் கண்டவர் ஆர்டெம் பட்டபூட்டியன். இவ்விருவரும் 2021-இல் நோபல் பரிசு பெற்றனர். 1893 முதல் நம் வீடுகளில் புழங்கும் அமிர்தாஞ்சனம் நெற்றியில் செய்யும் வேலையும் இந்த வகையைச் சேர்ந்ததே. மண்டைக்குள் அது போவதில்லை, தோலிலுள்ள குளிர்க்கதவைத் தட்டி நிற்கிறது. நம் மேசை இழுப்பறையில் அச்சிறு புட்டி எப்போதும் உண்டு. இதைப் படித்தபின் அதை மேலும் மரியாதையோடு எடுக்கிறோம். அக்கிக்குப் பின் தங்கும் வலிக்கு, மிளகாய்க் காரத்தையே அளவாகச் சேர்த்த ஒட்டுத்துணியும், மரப்பு மருந்து தோய்ந்த ஒட்டுத்துணியும் மருத்துவர் கையாள்கின்றனர். இரண்டும் தோலின்மேல் ஒட்டப்படுபவை.

அன்னையாருக்கு அந்த வலிதான் தங்கிவிட்டது. கொப்புளங்கள் பங்குனியில் உதிர்ந்தன. தோல் பார்வைக்கு ஆறிவிட்டது. ஆனால் மாராப்புச் சேலை உரசினால் நெருப்பு. மின்விசிறிக் காற்றுப் பட்டால் நெருப்பு. இரவில் உறங்காமல் சுவரைப் பார்த்து அமர்ந்திருப்பார். காலஞ்சென்ற தந்தையாரின் பழைய வேட்டியொன்றைக் கிழித்துத் தளர்வான மேலாடையாகத் தைத்துக் கொடுத்தாள் மருமகள். அதொன்றுதான் உடலில் தங்கியது. தெருவில் எவர் வந்தாலும் அவ்வுடையோடு முன்னே வர நாணி அறைக்குள்ளேயே இருந்தார். பேத்தி ஓடிவந்து கட்டிக்கொள்வது வழக்கம்; முதன்முறை அவர் "தொடாதே!" என்று கத்தியபோது குழந்தை விக்கித்து நின்றதை நாம் மறக்கமாட்டோம். அதன்பின் அவள் பாட்டியின் பக்கம் போகவேயில்லை.

இங்கே முன்சொன்ன கொள்கைகளெல்லாம் தலைகீழாயின. மெல்லத் தொட்டால் இதம் என்றோம். இவருக்கு மெல்லத் தொடுவதே வேதனை. கிருமியால் புண்பட்ட நரம்பில், தொடுவுணர்வின் பாதையே வலியின் பாதையாக மாறிவிடுகிறது என்று மருத்துவர் விளக்கினார். கேட்டுக்காரர் மதிமயங்கி, அடைக்க வேண்டியதைத் திறந்துவிடுகிறார் போலும். நரம்பு வலிக்குரிய மாத்திரை எழுதிக் கொடுத்தார். சிறுகச் சிறுக அளவைக் கூட்டியபோது தலைசுற்றலும் வந்தது. பொறுத்துக்கொள்ள வேண்டும், மாதங்கள் ஆகலாம் என்றார்.

மருத்துவரிடம் அனுமதி பெற்றபின் ஆசானை மீண்டும் அழைத்தோம். அவர் நமக்குக் கற்றுக் கொடுத்தது மிகச் சிறிது. எரியும் பட்டையைத் தொடக்கூடாது. எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். உள்ளங்கையை உரசிச் சூடாக்கி, துணிக்கு மேலேயே வைத்து, தேய்க்காமல், அசைக்காமல், அப்படியே இருக்க வேண்டும். "ஊர்கிற கை அவர்களுக்குப் பகை, உட்கார்ந்த கை பொறுக்கும்," என்றார். சில நாள் சென்றபின், பட்டையின் ஓரத்துக்கு நான்கு விரல் தள்ளிக் கையை வைத்து, கையோடு தோலையும் சிறிதே நகர்த்தி நிறுத்தச் சொன்னார். எண்ணெய் வேண்டா, வழுக்கும். அன்னையார் 'போதும்' என்றால் அந்நொடியே எடுத்துவிட வேண்டும். இதில் மட்டும் கண்டிப்பாக இருந்தார். தம் கையில் நோயாளி வைக்கும் நம்பிக்கை போய்விட்டால் பிறகு எந்தத் தைலமும் ஏறாது என்பது அவர் துணிபு.

நம் மனைவி ஒவ்வோர் இரவும் செய்தாள். மாத்திரையால் தணிந்ததா, கையால் தணிந்ததா, காலத்தால் தணிந்ததா என்று கேட்டால் நேர்மையாக விடை கூற இயலாது. மூன்றும் ஒரே வண்டியில் ஏறி வந்தன. ஆனால் கை வைத்த அரைமணி நேரம் அன்னையார் பேசினார். ஊர்க்கதை பேசினார். அதற்கு முன் இரு மாதம் அவர் எவரிடமும் சரியாகப் பேசியதில்லை. வைகாசியில் ஒரு நாள், பேத்தி தானாகவே வந்து, "பாட்டி, நான் வைக்கட்டுமா?" என்று கேட்டாள். வலப்பக்கம் வைக்கச் சொன்னார். ஏழு வயதுக் குழந்தையின் கை எத்தனை நேரம் அசையாமல் இருக்கும்? நூறு வரை எண்ணச் சொன்னோம். எண்ணி முடிப்பதற்குள் பாட்டி உறங்கிவிட்டார்.

கேட்ட அன்பர்களுக்கு இப்போது விடை கூறலாம். உழைப்பாலும் ஒரே இருக்கையாலும் வரும் பிடிப்புக்கு உழிச்சில் இதம் தருவதே, செய்துகொள்ளுங்கள். கன்றிப்போகுமளவு அழுத்துபவருக்குக் கூடுதல் கூலி கொடுக்க வேண்டியதில்லை. எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து என்று கேட்காமலே எண்ணெயைக் கையில் ஊற்றுபவரிடம் முதுகைக் கொடுக்காதீர்கள். 'இது என் வேலையன்று' என்று சொல்லத் தெரிந்தவர் கிடைத்தால் விடாதீர்கள். நீரிழிவால் கால் மரத்தவர்கள் சுடு ஒற்றடத்தை அண்டவே கூடாது; சுடுவது தெரியாமல் வெந்துபோகும். விழுந்தபின் வரும் வலி, காய்ச்சலோடு வரும் வலி, காலோ கையோ வலுவிழந்து வரும் வலி, நெஞ்சை அடைக்கும் வலி ஆகியவற்றோடு ஆசான் வீட்டு வாசலில் நிற்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஒருபக்கமாக எரிந்து, துணி பட்டால் கூசும் வலியானால், விளக்கைப் பிடித்துத் தோலைப் பாருங்கள். நெற்றியிலோ மூக்கிலோ கண்ணருகிலோ அக்கி கண்டால் ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாது, பார்வை போய்விடக்கூடும். கொப்புளம் உலரும்வரை, சின்னம்மை காணாத கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் விலக்கி வையுங்கள். 50 வயதைக் கடந்தவர்களுக்கென இருமுறை போடும் தடுப்பூசி 2023 முதல் நம் நாட்டிலும் கிடைக்கிறது. விலை நம் போன்றோர்க்குச் சற்றுக் கனமே, ஆயினும் மருத்துவரைக் கேட்டுப் பாருங்கள்.

இவ்வளவையும் வீட்டில் படித்துக் காட்டினோம். அன்னையார் முழுவதும் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி ஐயா, ஊருக்குப் போனதும் வேளார் வீட்டுக்கு ஒரு நடை போய் எழுதிக்கொண்டுதான் வருவேன்," என்றார். ஆவணியில் ஊர்க்கோயிலில் கொடை. மருத்துவர் பயணத்திற்கு இசைந்துவிட்டார். முத்துகள் உலர்ந்த தோலில் காவியால் இனித் தீங்கில்லை, எழுதிக்கொள்ளட்டும். பாஸ் எழுதி வாங்கியாகிவிட்டது. மாத்திரைகளை நாள்வாரியாகப் பொட்டலம் கட்டிப் பையில் வைத்திருக்கிறாள் மருமகள். நேற்று மாலை அன்னையார் சேலையைச் சரியாக உடுத்து, மாராப்பை இடத்தோளில் போட்டுக்கொண்டு, பாலம் வரை நடந்து பார்த்துவிட்டு வந்தார். திரும்பி வந்து உட்கார்ந்ததும் அதைக் கழற்றி வைத்துவிட்டு அந்தப் பழைய வேட்டித் துணியை எடுத்துப் போர்த்திக்கொண்டார்.